இரண்டு சம்பந்திகளும் ஒரு ஹெட் கேஸ்கெட்டும்

4 பிப்ரவரி

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். போன் செய்து செய்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நீங்கள் எடுப்பதாக இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மைதானத்தில் நின்றபடியே மார்க் போட்டுப் பழகிய பி.டி. டீச்சர் கை, மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். நீங்கள் பார்த்தபடி என்ன நடந்தது என்பதைத் தெருவே கேட்டுவிட்டது.

உங்கள் ஊரில் நடந்த பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நடுவராக வந்தேன். “நம்ம வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு?” என்று கேட்டது நீங்கள். “பஸ்ல அலையாதீங்க, காரை எடுத்துட்டுப் போங்க” என்றதும் நீங்கள். “ஆனா வழியில எங்கயும் நிறுத்தாதீங்க, நின்னா மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும்” என்றதும் நீங்களேதான். திரும்பி வரும்போது மீட்டரில் ஒரு முள் சிவப்புக்கு ஏறியது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்தாதே என்பது உங்கள் கட்டளை ஆயிற்றே! வீடுவரை ஓட்டி வந்துவிட்டேன். உங்கள் வாசலில் வந்து நின்றபோது முன்பக்கமெல்லாம் ஆவி, பின்பக்கமெல்லாம் வெள்ளைப் புகை. நடுவில் நான்.

“இந்த டப்பாவை இரும்புக் கடையில போடுங்க” என்று நான் சொன்னது தப்புதான். பதற்றத்தில் வந்த வார்த்தை. ஆனால் அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? “சொன்ன பேச்சைக் கேக்கற வழக்கமே உங்க குடும்பத்துல கிடையாதா? பொண்ணும் அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான்.”

என்னைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகள் எனக்குப் பின்னால் நின்று என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். என் பெண் என்ன செய்தாள்? கடல் கடந்து உட்கார்ந்திருக்கிறவளை எதற்கு உங்கள் ரேடியேட்டருக்குள் இழுத்தீர்கள்? அதனால்தான் சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இதற்கு நடுவில் நேற்று அவள் பேசினாள். ஏப்ரலில் இரண்டு பேரும் லீவில் வருகிறார்களாம். “ரெண்டு அம்மாவும் அத்தை கார்ல ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க, சரியா?” என்று கேட்டாள். “ஓ, கார் ஜம்முன்னு ஓடுது” என்று சொல்லிவிட்டேன். நீங்கள் உங்கள் மகனிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


11 பிப்ரவரி

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் வந்தது. படிக்க முடிந்தது.

போனை எடுக்காததற்குக் கோபம்தான் காரணம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வேறொன்றும் தோன்றியது. போனில் நாம் இருவரும் பேசினால் ஒருவரும் கேட்பதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இப்படியே இருக்கட்டும்.

வண்டியின் நிலை. மெக்கானிக் வந்தார். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பால் கலந்த காபி போல ஒரு நுரை ஒட்டியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தமாம். “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சும்மா. கூலியே வண்டி விலைக்கு மேல ஆகும். வந்த விலைக்குக் குடுத்துடுங்க” என்றார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். என்ஜினுக்குக் கீழ்த்தாடை ஒன்று, மேல்தாடை ஒன்று. மேல்தாடைக்குப் பெயர் ஹெட். இரண்டுக்கும் நடுவே, வாயில் மெல்லிய அட்டையைக் கடித்துக்கொண்டிருப்பது போல, ஒரு தகடு. அதுதான் கேஸ்கெட். நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அது ஒன்றுதான். அது கருகினால் எல்லாம் ஒரே குழம்பு.

நான் பல்செட் செய்கிறவள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பிசகாமல் பொருந்த வைப்பதே என் பிழைப்பு. அதனால் இந்த வேலையை நானே செய்வதாக முடிவு செய்திருக்கிறேன். வண்டி இல்லாமல் எனக்கு ஆகாது. இப்போது டாக்டர்களின் கிளினிக்குகளுக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். முந்தாநாள் டிரைவர் பிரேக் போட்டதில் மடியில் இருந்த பெட்டி திறந்து, ஒரு முழு மேல்வரிசை பக்கத்துச் சீட்டுக்காரர் காலடியில் போய் விழுந்தது. அவர் முதலில் தன் வாயைத்தான் தொட்டுப் பார்த்தார்.

மகனிடம் வண்டி பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஜம்மென்று ஓடுகிறது என்று சொன்னது உபத்திரவம்.

உங்கள் பெண்ணைப் பற்றிய பேச்சு இப்போது வேண்டாம்.

பையனின் அம்மா


17 பிப்ரவரி

சம்பந்தியம்மா,

நீங்களா? நீங்களே என்ஜினைக் கழற்றப் போகிறீர்களா? உங்களை நான் பார்த்திருக்கிறேனே! ஊதினால் பறந்துவிடுவீர்கள். கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “அந்தம்மா செஞ்சாலும் செய்வாங்க. உன்னைச் சமாளிச்சவங்களாச்சே” என்றார். இந்த மனிதரோடுதான் நான் குடித்தனம் செய்கிறேன்.

பொய்யைச் சரி செய்துவிட்டேன். என் பெண் பேசினபோது நானே ஆரம்பித்தேன். “ஜம்முன்னுதான் ஓடுச்சு, இப்ப பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்காங்க” என்றேன். “என்ன கலர்மா?” என்று கேட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “அதே கலர்தான்” என்று சொல்லிவிட்டேன். “அதே கலர்னா எதுக்கும்மா பெயின்ட்?” என்றாள். சிக்னல் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உங்கள் மகன் கேட்டால் நீங்களும் அதே நிறம் என்றே சொல்லுங்கள். மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

“இப்போது வேண்டாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. எப்போது வேண்டும்? எழுதியது மறந்துபோகிற ஆள் நான் இல்லை.

ஹெட் கனமாக இருக்குமாமே? பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெண்ணின் அம்மா


28 பிப்ரவரி

சம்பந்தியம்மாவுக்கு,

கழற்றிவிட்டேன்!

ஆச்சரியக்குறி போடுவது என் வழக்கம் இல்லை. இதற்குப் போடலாம்.

பழைய புத்தகக் கடையில் இந்த வண்டிக்கான பழுதுபார்க்கும் புத்தகம் கிடைத்தது. முன்பு வைத்திருந்தவர் பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் கைரேகை வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்தில் ரேகை அதிகமோ அங்கே கஷ்டம் அதிகம் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். முதலில் தண்ணீரையும் எண்ணெயையும் வடித்தேன். பிறகு மேலே இருக்கிற ஒவ்வொன்றாக: காற்று வடிகட்டி, கார்புரேட்டர், புகைக்குழாய். கழற்றியதை எல்லாம் என் வேலை அறைக்குக் கொண்டு வந்தேன். தாடை அச்சுகளை வைக்கிற தட்டுகளில், ஒவ்வொரு போல்ட்டுக்கும் சீட்டு எழுதி அடுக்கினேன். வால்வுகளைத் தள்ளும் நீளக் கம்பிகள் இடம் மாறக்கூடாதாம். எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தேன். ஒரு டாக்டர் பல்செட் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “இது எந்த பேஷன்ட்டுக்கு?” என்று கேட்டார்.

ஹெட் மட்டும் வரவில்லை. போல்ட்டெல்லாம் எடுத்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது. ஸ்குரூடிரைவரை நடுவே விட்டு நெம்பக்கூடாது, கீறல் விழும் என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் கைரேகை ரொம்ப அதிகம். பக்கத்து லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். “சுத்தியல் கொண்டாரட்டுமாம்மா?” என்றார். “பல்லைப் பிடுங்கறவன்கூட முதல்ல ஆட்டித்தான் பார்ப்பான்” என்றேன். இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெல்ல மெல்ல ஆட்டினோம். ‘ச்சப்’ என்று ஒரு சத்தம். வந்துவிட்டது. நான் சிரித்தேன். தனியாக இருக்கும் வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கேஸ்கெட் கருகித் திறந்திருக்கிறது. அது சூட்டில் ஆனது. ஆனால் தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றித் தகடு துருவேறி ஓரமெல்லாம் கொறித்தது போல இருக்கிறது. அது ஒரே நாளில் ஆகிற வேலை இல்லை. ரேடியேட்டருக்கு என்று விற்கிற துரு பிடிக்காத திரவத்தை வாங்காமல், குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு இருந்தவள் நான். வருஷக் கணக்கில்.

ஆகவே பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. என் பாதி பழையது.

பையனின் அம்மா


6 மார்ச்

சம்பந்தி,

டிரா! ஆட்டம் டிரா! கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். பந்து மூட்டைகள் மேல் உட்கார்ந்து படித்துவிட்டு விசிலை எடுத்து ஊதிவிட்டேன். கணக்கு டீச்சர் கையில் இருந்த டீ அவர் புடவையில். போகட்டும், எனக்கு என்ன? பாதிப் பழி இறங்கிவிட்டது!

ஆனால் சம்பந்தி, காரில் பாதி பாதி என்று பிரித்துவிட்டீர்கள். என் பெண் விஷயத்தில் பாதி ஏது? அவள் வாரா வாரம் உங்களோடு பேசுகிறாள். பேசி முடித்த பிறகு எனக்குப் பேசுவாள். “அத்தைக்கு மூட்டு வலி, நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீ சொல்லும்மா” என்பாள். “அத்தை புதுசா ஒரு பல்செட் பண்ணியிருக்காங்க, வீடியோல காட்டினாங்க, அசல் மாதிரியே இருக்கு” என்பாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரும்.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வண்டியைப் பற்றி எழுதுங்கள்.

பெண்ணின் அம்மா


20 மார்ச்

சம்பந்தி,

வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

ஹெட் சூட்டில் கொஞ்சம் வளைந்திருந்தது. இரும்பு அளவுகோலை நெட்டுக்குத்தாக மேலே வைத்து விளக்கைப் பின்னால் பிடித்தால் நடுவே வெளிச்சம் கசிந்தது. லேத் பட்டறைக்காரர் மேலாக மெல்லச் சீவிச் சமன் செய்து கொடுத்தார். கீழ்த்தாடையை நானே சுத்தம் செய்தேன். மெழுகு செதுக்குகிற என் கத்திகளில் மழுங்கினது ஒன்றை எடுத்துக்கொண்டு, பழைய கேஸ்கெட்டின் ஒட்டலை ஒரு இணுக்கு விடாமல் சுரண்டினேன். நகத்தால் தடவினால் வழுக்க வேண்டும். வழுக்குகிறது.

புதுக் கேஸ்கெட் நேற்று வந்தது. எந்தப் பக்கம் மேலே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை புத்தகத்தைப் பார்த்தேன். ஹெட்டை உட்கார வைத்து, கம்பிகளை அதனதன் இடத்தில் இறக்கி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகும் வரிசையில் இறுக்கினேன். இதற்கென்று டார்க் ரெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது, பட்டறையிலிருந்து இரவல் வாங்கினேன். நீளக் கைப்பிடி. வேண்டிய அளவு இறுகியதும் ‘டக்’ என்று சொல்லும். மூன்று சுற்றாக இறுக்க வேண்டும், சுற்றுக்குச் சுற்று பலம் கூடும். முதல் சுற்றில் எல்லாம் டக். இரண்டாவதிலும் டக். கடைசிச் சுற்றில் பின்பக்கத்து இரண்டும் கொஞ்சம் மக்கர் செய்தன. எட்டாத இடம், கைக்கு வாகில்லை. தொங்கிப் பார்த்தேன். கடைசியில் டக் கேட்ட மாதிரி இருந்தது.

பட்டறைக்காரர், “நான் ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமாம்மா?” என்றார். “என் வேலையை நானே முடிக்கறேன்” என்றேன்.

மற்றதையெல்லாம் பூட்டிவிட்டேன். தட்டில் ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. நாளை ஸ்டார்ட் செய்கிறேன். இந்தக் கடிதத்தை இப்போதே தபாலில் போடுகிறேன், பொறுக்கவில்லை.

பையனின் அம்மா


21 மார்ச்

சம்பந்தி,

ஓடவில்லை.

கிளம்பியது. நான் கைதட்டினேன். பட்டறைக்காரரும் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் என்ஜின் கக்குவான் வந்த குழந்தை போல இரும ஆரம்பித்தது. ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாகக் காற்று. பிறகு பழையபடி வெள்ளைப் புகை. அணைத்துவிட்டேன். பட்டறைக்காரர் ரெஞ்சை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

இவ்வளவு செய்தும் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வைத்துக்கொள்வோம். பொய்யை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கடைக்காரன் ஓடிவிட்டான் என்று சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு இன்று பதில் எழுதுகிறேன். இன்று மனசு இறங்கியிருக்கிறது, இன்று எழுதாவிட்டால் நாளைக்குப் பழைய திமிர் வந்துவிடும். வெளிநாட்டு வேலைக்கு மகனுக்கு ஆர்டர் வந்தபோது, “ஒரு வருஷம் பொறுத்துப் போங்க” என்று கேட்டேன். அவன் தயங்கினான். உங்கள் பெண்தான், “இல்ல அத்தை, இப்பவே போனாத்தான் உண்டு” என்றாள். அவள் சொன்னது சரி. அந்த வேலை மறு வருஷம் இல்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதை இத்தனை நாள் உள்ளே அடைத்து வைத்திருந்தேன். அன்று உங்களைப் பார்த்துச் சொல்வது போல அதை வெளியே விட்டுவிட்டேன்.

அவள் சொன்ன பேச்சு கேட்காதவள் இல்லை. என் மூட்டுக்கு வாரா வாரம் விசாரிக்கிற ஒரே ஆள் அவள். உங்களிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனின் அம்மா


26 மார்ச்

சம்பந்தி,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தேதி பார்க்காமல் இரண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். அழுகை வந்தது. பிறகு முதலாவதைப் பிரித்தேன். சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். இனி அது என்னிடம் பத்திரம். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஒன்று மட்டும். அவள் போனது உங்களுக்கு மட்டுமா தூரம்? ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்த அன்று நான் அவள் அறைக்குப் போய், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து உதறி மறுபடி மடித்தேன். அப்புறம் இன்னொரு தடவை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டு இருந்திருக்கிறோம். ஒரு போன் போட்டிருக்கலாம், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எனக்கு என்ஜின் தெரியாது. ஆனால் பிள்ளைகள் சொல்கிற சாக்கு தெரியும். ‘கோட்டைத் தொட்ட மாதிரி இருந்தது டீச்சர்’ என்பான். தொட்டிருந்தால் ‘தொட்டேன்’ என்பான். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? முதல் சுற்று ‘டக்’. இரண்டாவது ‘டக்’. கடைசியில், பின்பக்கத்து இரண்டில், ‘டக் கேட்ட மாதிரி இருந்தது.’

கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா?

கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும். உங்கள் எடைக்கு அந்தக் கைப்பிடி மசியாது சம்பந்தி. அது உங்கள் தப்பில்லை. அந்த மனிதர் உதவட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றீர்களே, அது தப்பு.

மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். ஒரு தடவை அமுங்கின கேஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாதாமே? இங்கே பழைய உதிரிபாகக் கடையில் விசாரித்துவிட்டேன். உங்கள் வண்டிக்கு ஒன்றே ஒன்று இருந்தது, தூசியைத் தட்டி எடுத்துக் கொடுத்தான். சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், வளையாமல் இருக்க. வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் அதோடு வருகிறேன். அதற்குள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஹெட்டைத் தூக்க மட்டும் நான் வரும்வரை காத்திருங்கள்.

சாப்பாடு எடுத்து வையுங்கள். போன தடவை சாப்பிடாமல் போனது இன்னும் பசிக்கிறது.

பெண்ணின் அம்மா


2 ஏப்ரல்

சம்பந்தி,

வீடு வந்து சேர்ந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்திருக்க முடியவில்லை. தோளில் வலி. பிள்ளைகளிடம் சொல்லவில்லை, டீச்சருக்கே வலி என்றால் யார் ஓடுவார்கள்? நகத்துக்குள் கறுப்பு, எத்தனை தடவை தேய்த்தாலும் போகவில்லை. ஸ்டாஃப் ரூமில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன். நான் ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு அந்த ரெஞ்சை இழுக்க, நீங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு, “இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க” என்று கத்த, ‘டக்’ என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “கேட்டுச்சு!” என்றோமே. பட்டறைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “எனக்கும் கேட்டுச்சும்மா” என்றாரே.

எனக்கு மறக்காதது அது இல்லை. வண்டி கிளம்பி, நாம் இருவரும் ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். குமிழி வரவில்லை. நீங்கள் நம்பவில்லை. முள் நடுவுக்கு ஏறி, அங்கேயே நின்றது. அப்போதும் நம்பவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொண்டுபோய் புகைக்குழாய்க்குப் பின்னால் பிடித்தீர்கள். ஈரமே இல்லை. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “சாப்பிடலாம் வாங்க” என்றீர்கள். அவ்வளவுதான். நான் குதித்த குதிக்கு நீங்கள் ஒரு வார்த்தையாவது கூடச் சொல்லியிருக்கலாம்! ஆனால் தட்டில் எனக்கு மூன்றாவது தடவை போடும்போது நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன்.

நம் வண்டி எப்படி ஓடுகிறது?

பெண்ணின் அம்மா


7 ஏப்ரல்

சம்பந்தி,

ஓடுகிறது. எல்லாக் கிளினிக்குக்கும் போய் வந்தேன். வேண்டுமென்றே சுற்று வழியில் போனேன். எண்ணெயை இரண்டு தடவை மாற்றினேன், இப்போது தேன் போலத் தெளிவாக இருக்கிறது. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் இல்லை, முறையான திரவம்தான், பச்சை நிறம்.

முகத்தைத் திருப்பியது உண்மைதான். அன்று பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. கரண்டி பிடித்துக்கொண்டு எப்படி அழுவது?

பன்னிரண்டாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். ஏர்போர்ட்டுக்கு நேரமாகாமல் கிளம்ப வேண்டும். போகும்போது நான் ஓட்டுகிறேன். வரும்போது நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் என் மருமகளோடு உட்கார வேண்டும். முள்ளைப் பாருங்கள். சிவப்புக்குப் போனால் நிறுத்துங்கள். இது எழுத்துமூலமான உத்தரவு.

பையனின் அம்மா


24 ஏப்ரல்

சம்பந்தி,

பிள்ளைகள் உங்கள் வீட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். என் பெண் வந்ததிலிருந்து உங்கள் புராணம்தான். நீங்கள் அவளுக்கு பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினீர்களாமே? உங்கள் மகன் கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டானாமே? “அத்தை என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே இல்லம்மா” என்றாள். சொல்லும்போது கண் பளபளத்தது.

இப்போது கேளுங்கள், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் துணி மடித்துக்கொண்டே, பெரிய சாமர்த்தியசாலி போல, “பெயின்ட் நல்லா வந்திருக்கில்ல?” என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, எங்களுக்கு பிப்ரவரியிலேயே தெரியும்!”

“என்னது தெரியும்?”

“நீ ஜம்முன்னு ஓடுதுன்னே. அத்தை பெயின்ட் அடிக்கப் போயிருக்குன்னாங்க. கார் ரிப்பேர், உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு பயந்தோம் தெரியுமா? டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாமான்னுகூடப் பேசினோம். யார் வீட்டுக்கு முதல்ல போறது, யாரை விடறதுன்னு தூக்கமே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் நீயும் அதே கலர்னு சொன்னே. அடுத்த வாரம் அத்தையும் அதே கலர்னு சொன்னாங்க. அவ்வளவு கேவலமான பொய்யை ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்கன்னா, சேர்ந்து உட்கார்ந்து யோசிச்சிருக்கீங்கன்னுதானே அர்த்தம்? அன்னிக்குத்தான் டிக்கெட்டை கன்ஃபர்ம் பண்ணினோம்.”

மடித்த துணியையே திரும்ப மடித்தேன் சம்பந்தி. நீங்கள் அப்போது என்னோடு சமாதானம் ஆகவே இல்லை. “இப்போது வேண்டாம்” என்று எழுதிய நேரம் அது! நமக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் மன்னிப்பை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருப்பதாகத் தெரியவில்லை.

பெண்ணின் அம்மா


30 ஏப்ரல்

சம்பந்தி,

கேவலமான பொய் என்றாளா? அது உங்கள் பொய். நான் வெறுமனே ஒத்துக்கொண்டேன். அதை அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஏர்போர்ட்டில் பிள்ளைகளை வழியனுப்பும்போது அழக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. மருமகளும் அழுதாள். அவளை அதட்டினேன். “அத்தை, மே மாசம் கடைசியில போன் பண்ணும்போது கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு சொல்லணும்” என்றாள். சரி என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் தனியாகத்தான் ஓட்டி வந்தேன். வண்டி ஒரு குரல்கூட மாற்றிப் பேசவில்லை.

ஒரு வேலை இருக்கிறது. புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். புதுக் கேஸ்கெட் சூடாகி ஆறி, சூடாகி ஆறிக் கொஞ்சம் அமுங்குமாம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை அதே வரிசையில் இறுக்கிவிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஓடி முடித்துவிட்டது. சுற்று வழியிலேயே போய்க்கொண்டிருந்தால் ஆகாமல் என்ன?

பட்டறைக்காரர் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். “ரெண்டு நிமிஷ வேலைம்மா, நான் இறுக்கித் தந்துடறேன்” என்றார். நல்ல மனிதர். இந்தத் தடவை மரியாதையாகவே சொன்னேன்.

“வேண்டாங்க. அதுக்கு ஆள் வராங்க.”

எந்த பஸ் என்று எழுதுங்கள். ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்து நிற்கிறேன்.

உங்கள் சம்பந்தி